தோற்றது எந்தச் சட்டமூலம்?



2024 செப்டெம்பர் 24ஆம் திகதி நள்ளிரவுடன் நமது பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது, விவாதத்துக்கு எடுக்கப்படாமலே கிடந்த சட்டமூலங்களும் அதனுடன் மடிந்து போயின. அவற்றுள் ஒன்று, அந்நாளைய உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம். அது குறித்து இன்றும் நம் கத்தோலிக்க இல்லங்களில் பேச்செழும்போது, "ஆணும் ஆணும் கலியாணம் செய்யக் கொண்டுவந்த சட்டம் தோற்றுப் போயிற்று, ஆண்டவருக்குத் தோத்திரம்" என்று கூறக் கேட்கிறோம். தோத்திரம் சொல்வதற்கு முன்னர், தோற்றது என்னவென்று அறிந்துகொள்வது நல்லதல்லவா?

அச்சட்டமூலத்தில் திருமணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 365, 365அ என இரு பிரிவுகள் உள்ளன. முதலாவது பிரிவு இயற்கைக்கு மாறான உடலுறவுக்குப் பத்தாண்டு வரை சிறை விதிக்கிறது. இரண்டாவது, பாரதூரமான ஒழுக்கக்கேடு என்று அது பெயரிடும் செயலுக்கு, அது தனிமையில் நிகழ்ந்தாலும், ஈராண்டு வரை சிறை விதிக்கிறது. ஆண்களை மாத்திரம் சுட்டிய இப்பிரிவு 1995ஆம் ஆண்டின் திருத்தத்தால் பெண்களையும் உள்ளடக்கிற்று. வயதுவந்த இருவர் தம் இசைவுடன் நடந்துகொள்வதைக் குற்றம் என்னும் பட்டியலிலிருந்து நீக்குவதே தொலவத்தவின் நோக்கம். உயர் நீதிமன்றமும் அதனை ஆராய்ந்து, அரசியலமைப்புக்கு முரணானது எதுவும் அதில் இல்லை என்று முடிவு செய்தது. அம்முடிவு 2023 மே 9ஆம் திகதி சபையில் அறிவிக்கப்பட்டது. சாதாரண பெரும்பான்மையால் நிறைவேறியிருக்கக்கூடிய ஒன்று, ஒரு வாக்கும் பதிவாகாமலே மாண்டது. திருமணச் சட்டம் நேற்று இருந்தவாறே இன்றும் இருக்கிறது. சிறைக்கு அனுப்பும் சட்டமும் அவ்வாறே இருக்கிறது.

இப்பிரிவுகள் எங்கிருந்து வந்தன என்பதைத் தோட்டத்து மக்களாகிய நாம் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். இவற்றை நமது திருச்சபை எழுதவில்லை; நமது மூதாதையரும் எழுதவில்லை. 1860ஆம் ஆண்டில் இந்தியாவுக்கென ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவே கடல் கடந்து இங்கே 365 ஆயிற்று. அதே ஆட்சிதான் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தையும் இயற்றியது. ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டகலும் தொழிலாளி அச்சட்டத்தின்படி குற்றவாளி, அவனுக்குச் சிறை. பசறையிலும் ஹாலிஎலயிலும் கொழுந்து பறித்த நம் பாட்டன் பாட்டிமாரின் காலத்தில், துரையின் கையொப்பமிட்ட 'துண்டு' இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921ஆம் ஆண்டில்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது. பாவமும் அல்லாத, பிறருக்குத் தீங்கும் அல்லாத ஒன்றைச் சட்டம் குற்றமாக்கக் கூடும் என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் இந்நாட்டில் எவர்? இங்கிலாந்து தன் சொந்த மண்ணில் ஆண்களுக்கெதிரான அத்தண்டனையை 1967ஆம் ஆண்டிலேயே நீக்கிவிட்டது. நாமோ அவர்கள் விட்டுச்சென்ற பழைய பூட்டை இன்னமும் காவல் காக்கிறோம்.

"அப்படியானால் திருச்சபையின் போதனை என்னாவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான உடன்படிக்கை என்பதும், ஓரினச்சேர்க்கைச் செயல்களைத் திருச்சபை ஏற்பதில்லை என்பதும் மாறாத போதனைகள். இக்கட்டுரை அவற்றைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே மறைக்கல்வி நூலில், 2357ஆம் எண்ணுக்கு அடுத்த 2358ஆம் எண்ணையும் வாசிக்க வேண்டும். இத்தகைய ஈர்ப்புடையோரை மதிப்புடனும் பரிவுடனும் ஏற்க வேண்டும், அவர்கள்மீது அநீதியான பாகுபாட்டின் சாயலும் படக்கூடாது என்பது அதன் கட்டளை. 2008 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் வத்திக்கானின் பிரதிநிதிகள், இவர்களுக்கெதிரான குற்றவியல் தண்டனைகளை அரசுகள் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அச்சபையில் முன்வைக்கப்பட்ட பிரகடனத்தின் வேறு சில வாசகங்களை அவர்கள் ஏற்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்லத் திருச்சபைக்குத் தெரிந்திருக்கிறது. 2023 ஜனவரியில் மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் இதனை இன்னும் எளிமையாக்கினார்: தன்பால் ஈர்ப்பு குற்றமன்று, பாவம் வேறு, குற்றம் வேறு. இத்தகைய சட்டங்களை ஆதரிக்கும் ஆயர்களுக்கும் மனமாற்றம் தேவை என்றார். ஆயர்களுக்கே அப்படியென்றால் நமக்கு?

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவின் முன் கொண்டுவந்து நிறுத்தியவர்களிடம் சட்டம் இருந்தது, கல்லும் இருந்தது. அவர் அவளது செயலை நன்றென்று கூறவில்லை. கல்லெறியவும் விடவில்லை (யோவான் 8:1-11). பாவத்தைப் பற்றிய பேச்சை அவர் தனிமையில், கூட்டம் கலைந்த பின்னரே அவளோடு பேசினார். இந்த வரிசையை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

இன்று தண்டனையை நீக்கினால் நாளை திருமணத்தையும் கேட்பார்கள் என்ற அச்சம் சிலரிடம் உண்டு. இந்தியாவைப் பாருங்கள். 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இசைவுடனான உறவைக் குற்றமாகக் கருதுவதை நீக்கிற்று. அதே நீதிமன்றம் 2023 ஒக்டோபர் 17ஆம் திகதி ஓரினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. ஒன்றிலிருந்து மற்றது தானாக முளைப்பதில்லை. அதேவேளை, சபைகளின் வாக்குகளில் நம் நம்பிக்கையை அடகு வைப்பதும் மதியீனமே. அமெரிக்காவின் நியூயோர்க் மாநில மேலவை 2009 டிசம்பர் 2ஆம் திகதி ஓரினத் திருமணச் சட்டமூலத்தை 38க்கு 24 என்ற வாக்குகளால் தோற்கடித்தது. அன்றும் தோத்திரம் பாடியவர்கள் உண்டு. 2011 ஜூன் 24ஆம் திகதி அதே மேலவை 33க்கு 29 என்று அதனை நிறைவேற்றியது. திருவருட்சாதனமாகிய திருமணத்துக்குத் தண்டனைச் சட்டக்கோவை என்றுமே முட்டுக்கொடுத்ததில்லை. நமது தோட்டங்களில் திருமணத்தை உண்மையில் உடைப்பவை சாராயமும், மாலை நேர அடியும், பிள்ளைகளை விட்டு மத்திய கிழக்குக்குப் போக வைக்கும் கடனுமே. அவற்றுக்கெதிராக எத்தனை மனுக்களில் கையொப்பமிட்டோம்?

திருமணத்தைக் காப்பதென்றால், காக்க வேண்டிய இடம் ஒன்று நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மகனின் மனம் பெண்ணை நாடவில்லை என்று தாய்க்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. லயத்துக் காம்பராவில் சுவருக்கு அப்பால் இருமினாலும் கேட்கும். இரகசியம் எங்கே தங்கும்? உடனே உறவினர் கூடுகிறார்கள். "ஒரு கால்கட்டைப் போட்டுவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் மாமா. பண்டாரவளையிலோ லுணுகலையிலோ ஒரு பெண் பார்க்கப்படுகிறாள். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கப்படுகிறது. தடை அறிந்தோர் தெரிவிக்க வேண்டும் என்று அறிவிக்கப்படுகிறது. அறிந்த குடும்பம் முன்வரிசையில் மௌனமாக அமர்ந்திருக்கிறது.

இதனைத் திருச்சபைச் சட்டம் எவ்வாறு நோக்குகிறது? வற்புறுத்தலாலோ, வெளியிலிருந்து ஊட்டப்பட்ட பேரச்சத்தாலோ செய்யப்படும் திருமணம் செல்லாது என்கிறது 1103ஆம் சட்டம். இல்வாழ்வைக் கடுமையாகக் குலைக்கவல்ல பண்பொன்றை, மற்றவரின் சம்மதத்தைப் பெறும் பொருட்டு மறைத்து வஞ்சித்து முடிக்கப்படும் திருமணமும் செல்லாது என்கிறது 1098ஆம் சட்டம். திருமணத்தைக் காப்பதாகக் கூறிக்கொண்டு, அத்திருவருட்சாதனத்தையே நாம் வெறும் சடங்காக்கிவிடுகிறோம். அந்தப் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். என்ன குறை கண்டான் என்று தன் உடலையே பழித்துக்கொண்டு இரவுகளைக் கழிக்கிறாள். 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச்சட்டம் மணவிலக்குக்கென வகுத்தவை விபசாரம், வன்மமாகக் கைவிடுதல், தீராத ஆண்மைக்குறைவு போன்ற குற்றங்குறைகள் மாத்திரமே. அவற்றுள் ஒன்றை அவள் நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். 365அ பிரிவு நிலைத்திருப்பதால் மகனும் வாய் திறக்க அஞ்சுகிறான். அச்சட்டத்தைக் காட்டி மிரட்டிப் பணம் பறிப்போர் இருக்கும் நாட்டில் அவன் அச்சம் வீணானதன்று.

குடும்பத்தைச் சட்டம் பிரித்த கதை நமக்குப் புதிதன்று. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கென்றும் மூன்று இலட்சம் பேர் இங்கென்றும் பங்கிடப்பட்டார்கள். அண்ணன் அங்கே, தங்கை இங்கே. பதுளைப் பாதையின் புகையிரத நிலையங்களில் தலைமன்னாருக்குப் புறப்பட்டவர்களைக் கட்டிப்பிடித்து அழுத தாய்மார்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று இப்பத்தியை வாசிக்கிறார்கள். அந்தத் தாய்மார்களிடமிருந்து பிள்ளையைப் பறிக்க ஓர் அரசு தேவைப்பட்டது. இன்று எந்த அரசும் கேளாமலே, "இனி இந்த வாசற்படியை மிதிக்காதே" என்று நாமே பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு, அவன் வேலைக்குப் போயிருக்கிறான் என்று பங்குத்தந்தையிடம் சொல்கிறோம். பாப்பரசர் பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' திருத்தூது ஊக்கவுரையில் 250ஆம் எண் இத்தகைய பெற்றோருக்காகவே எழுதப்பட்டது. ஓரின உறவைத் திருமணத்துக்கு இணையாக வைக்க இயலாது என்று 251ஆம் எண் கூறுவதற்கு முன்னரே, இக்குடும்பங்களுக்கு மதிப்புடன் துணைநிற்க வேண்டும் என்று அது கூறிவிடுகிறது.

2024 நவம்பரில் தெரிவான பாராளுமன்றத்திலோ அதற்குப் பின்வருவதிலோ இத்திருத்தம் மீண்டும் தலைகாட்டக்கூடும். அப்போது திருப்பலி முடிந்து வெளியே வரும்போது கையொப்பம் கேட்டு ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் 'திருமணம்' என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கும். சட்டமூலத்தின் பிரதியைக் காட்டுமாறு கேளுங்கள். 365அ பிரிவை ஒருமுறை வாசியுங்கள். வீட்டில் வராமல் இருக்கும் பிள்ளை இருந்தால், பேனாவை எடுக்கும் முன் தொலைபேசியை எடுங்கள்.