ஜீப்பில் ஏறும் முன் கேட்கும் கேள்வி

விடியற்காலை கம்பத்தில் பார்த்திருப்பீங்க. ஏலத்தோட்ட வேலைக்குப் போற அக்காக்கள், "எந்த எஸ்டேட்? கூலி எவ்வளவு? எத்தனை மணிக்குத் திரும்பலாம்?"னு கேட்ட பிறகுதான் ஜீப்பில் ஏறுவாங்க. மலையேறி கேரளா போய், சாயங்காலம் வீடு திரும்புற வேலைக்கே இவ்வளவு விசாரணை.

நாம? "தாய்லாந்தில் ஐடி வேலை, டிக்கெட் ஃப்ரீ"னு வாட்ஸ்அப்பில் வந்தா, பாஸ்போர்ட் காப்பியை உடனே அனுப்பிடுறோம்.

2022-ல் அப்படி நம்பிப் போனவங்களை, எல்லை ஊரான மே சோட் வழியா ஆற்றைக் கடந்து மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தினாங்க. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி மிரட்டினாங்க. அந்த அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்தாங்க. 'படிச்சவன் ஏமாற மாட்டான்'னு நினைக்காதீங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்களைத்தான் அந்தக் கும்பல் தேடுச்சு.

ஊரிலேயே இருங்கன்னு சொல்லல. எனக்கும் வெளிநாடு போக ஆசைதான். ஆனா, டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. ஏஜென்ட் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கான்னு பாருங்க. விசா, டிக்கெட், கம்பெனி முகவரி எல்லாத்துக்கும் ஒரு நகல் வீட்டில் கொடுங்க. அந்த நாட்டு இந்தியத் தூதரக எண்ணை பேப்பரில் எழுதி வைங்க. போனைப் பிடுங்கிட்டா அதுதான் உதவும்.

நிறைய கேட்டா வேலை கைவிட்டுப் போயிடுமோன்னு தயங்குறோம். கேள்வி கேட்டதுக்கே கோபப்படுற ஏஜென்ட்டை விட்டுடுங்க. பதில் சொல்லாத ஜீப்பில் நம்ம ஊர் அக்காக்களே ஏற மாட்டாங்க.