பல்லைத் தேய்க்காத டாக்டர் நல்லவரா?

"எங்க டாக்டர் தங்கமானவருங்க. பக்கத்துப் பல்லைத் தொடவே இல்ல. அன்னிக்கே அளவு எடுத்தார், நாலே நாள்ல பல்செட் கைக்கு வந்துடுச்சு." இப்படி யாராவது பெருமையா சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வருது. தொடாம விட்டதுக்கா பாராட்டு? தொட வேண்டிய இடத்தைத் தொடலைங்கறதுதான் மக்களே என் புகாரே!

நான் சொல்றது முழு பல்செட் இல்லை. சில பல் மட்டும் போன இடத்துக்குக் கழட்டி மாட்டுற செட். ஈறு மெத்து மெத்துன்னு அமுங்கும், பல் அந்த அளவுக்கு அமுங்காது. செட் ஈறு மேல மட்டுமே உட்கார்ந்தா, ஒவ்வொரு கடிக்கும் உள்ளே இறங்கும். ஈறு புண்ணாகும். கொக்கி பக்கத்துப் பல்லைப் பிடிச்சு ஆட்டும். அதனாலதான் அந்தப் பல்லுல சின்னதா ஒரு குழி செதுக்கணும். ரெஸ்ட் சீட்னு பேரு. செட்டோட உலோக நுனி அதுல உட்காரும், பாரம் வேர் வழியா எலும்புக்குப் போகும்.

குழின்னதும் கிணறு வெட்டுற மாதிரி பயப்படாதீங்க. கடைவாய்ப்பல் ஓரத்துல 1 முதல் 1.5 மில்லிமீட்டர், ஸ்பூன் மாதிரி வளைவா, கூடிய வரைக்கும் எனாமலுக்குள்ளேயே. அடித்தளம் பல்லோட நடுவைப் பார்த்துச் சரியணும். வெளியே பார்த்துச் சரிஞ்சா அது சறுக்குமரம்! செட் ஒரு பக்கம் வழுக்கும், பல்லை இன்னொரு பக்கம் தள்ளும்.

இதுக்கு ஒரு வரிசையும் இருக்கு. முதல்ல ஒரு மாதிரி அச்சு. அதை சர்வேயர்ங்கற கருவில வெச்சு, செட் எந்தத் திசையில ஏறி இறங்கணும், கொக்கி எங்க பிடிக்கணும்னு பார்த்து டிசைன் போடணும். அப்புறம் பல்லோட பக்கவாட்டை 2-4 மில்லிமீட்டர் உயரத்துக்கு லேசா சமப்படுத்தணும். அடுத்து குழி, பாலிஷ். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் கடைசி அளவு. இதெல்லாம் நேத்து வந்த கண்டுபிடிப்பு இல்லைங்க. எந்தப் பல் போனா என்ன வகைன்னு கென்னடி பிரிச்சுக் கொடுத்ததே 1925-ல!

ஆனா பல இடத்துல நடக்கறது என்ன? முதல் நாளே கடைசி அளவு, நேரா லேபுக்கு. டிசைனும் லேப்காரர் தலையில. பாவம், அவர் பார்த்தது பிளாஸ்டர் அச்சை மட்டும்தான். எந்தப் பல் ஆடுது, எங்க ஈறு வீங்கியிருக்குன்னு அவருக்கு ஜோசியமா தெரியும்?

எங்க அத்தைக்குக் கீழ்வரிசையில ரெண்டு பக்கமும் கடைவாய்ப்பல் இல்லை. ரெண்டு கம்பிக் கொக்கியோட செட் போட்டாங்க. ரெண்டே வருஷத்துல கொக்கி மாட்டின பல் ரெண்டும் ஆடிப்போய்ப் பிடுங்கியாச்சு. "வயசாயிடுச்சில்லம்மா" அப்படின்னாங்க. வயசும் காரணமா இருக்கலாம், நான் மறுக்கலை. ஆனா அந்த ரெண்டு பல்லுலயும் ரெஸ்ட் சீட்டோட தடம்கூட இல்லையே, அதுக்கு யார் பதில் சொல்றது?

"எனாமல் திரும்ப வளராதே, நல்ல பல்லை ஏன் சுரண்டணும்?"னு கேப்பீங்க. நியாயம்தான். அதனாலதான் திட்டம் போட்டுச் சுரண்டணும்ங்கறேன். ஒரு மில்லிமீட்டர் எனாமலைக் காப்பாத்தி முழுப் பல்லையும் தொலைக்கறதுக்குப் பேரு சிக்கனமா?

"ஏழை ஜனங்களுக்குக் கட்டுப்படியாகாது" அப்படின்னு அடுத்த வாதம். கோபால்ட் குரோமியம் வார்ப்பு செட்டுக்கு விலை கூடத்தான். ஆனா அக்ரிலிக் செட்லயும் கம்பியை வளைச்சு ரெஸ்ட் வைக்கலாமே! குழி செதுக்க எல்லா கிளினிக்லயும் இருக்கற மெஷினே போதும். பல் பிடுங்கின புண் ஆறுற வரைக்கும் தற்காலிகமா ஒரு அக்ரிலிக் செட்டுன்னா நான் சண்டைக்கு வரலை. தற்காலிகத்தைக் கொடுத்துட்டு "காலத்துக்கும் இதுதான்"னு சொல்றப்பதான் கோவம் வருது.

அதனால உங்க அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போறப்ப மூணே கேள்வி கேளுங்க: இந்த செட் எந்தப் பல் மேல உட்காரும்? டிசைன் யார் போடறது? அளவு எடுக்கறதுக்கு முன்னாடி எந்தப் பல்லைத் தயார் பண்ணப் போறீங்க?

நல்ல டாக்டர் உட்கார வெச்சு அச்சைக் காட்டி விளக்குவார். எரிஞ்சு விழுந்தா, மிச்சம் இருக்கற பல்லோட எழுந்து வந்துடுங்க.