மே மாதத்தில் யார் தண்ணீர் ஊற்றுவது?

பள்ளிக் காய்கறித் தோட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. ஆடிப் பட்டத்தில் பாத்தி கட்டி, வெண்டையும் கத்தரியும் போட்டு, தலைமையாசிரியரும் பிள்ளைகளும் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். புரட்டாசியில் வெண்டை காய்த்துவிடும். தை வரைக்கும் பச்சைக்குக் குறைவில்லை. பிறகு தேர்வு, அதன்பின் விடுமுறை. ஜூனில் பள்ளி திறக்கும்போது காய்ந்த தண்டுதான் மிச்சம். வேலி சரியில்லாத இடத்தில் ஆடு அதையும் விட்டு வைத்திருக்காது. ஆர்வமாகச் செய்த ஆசிரியருக்கு அந்த ஆண்டே மாறுதலும் வந்துவிட்டால், அடுத்த ஆடியில் மண்வெட்டியைத் தொட ஆளிருக்காது.

விதையோ வழிகாட்டுதலோ இல்லாமல் இது நடக்கவில்லை. பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கென்று மத்திய அரசு 2019இல் நெறிமுறையே வெளியிட்டது. இடமில்லாத நகரப் பள்ளிகள் மொட்டைமாடியிலும் தொட்டியிலும் வளர்க்கலாம் என்கிறது அது. கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. தோட்டம் பள்ளிக்கூடத்தின் சொத்தாக மட்டும் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு உண்டு, ஊருக்குப் பூட்டு இல்லை. தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் ஆறு நாட்களில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். கோடை விடுமுறைக்குச் சற்று முன்னால் வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளித் தோட்டத்துக்கு எந்தத் தெரு, எந்தக் கிழமை தண்ணீர் விடும், விளைந்ததை யார் பறித்துக்கொள்வது என்று அன்றைக்கு ஒரு தீர்மானம் போட எந்தச் சட்டமும் தடையில்லை. விடுமுறையில் காய்ப்பது தண்ணீர் விட்டவர்களுக்கு என்று சொல்லிப் பாருங்கள், ஆள் கிடைக்கும்.

ஊர் கைகொடுப்பது நமக்குப் புதிதுமல்ல. 1920இல் தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் மதிய உணவு தந்தது. 1956இல் காமராசர் காலத்தில் மதிய உணவு பரவியபோது ஊர்க்காரர்களின் நன்கொடைதான் முதலில் அடுப்பு மூட்டியது, அன்றைய கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தி மக்களிடம் பள்ளிக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைப் பெருந்திட்டமாக்கினார். 2022இல் காலை உணவும் வந்தது. பொறுப்பு அரசின் தோளுக்கு மாறியது சரியே. பசித்த பிள்ளையின் சோறு யாருடைய தயவையும் நம்பி இருக்கக் கூடாது. ஆனால் அந்த மாற்றத்தில் ஊர் மெல்ல வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டது. முட்டை அழுகியிருந்தால் சத்தம் போடுகிறோம். அதைத் தவிர சத்துணவுக் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

தோட்டத்தைப் பற்றிப் பெரிய பேச்சு பேசுபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி என்பது மதிய உணவுக்கான தேசிய அளவு. நூறு பிள்ளைகள் என்றால் தினம் 5 கிலோ. 200 நாளுக்கு ஒரு டன். நாலு பாத்தியில் ஒரு டன் விளையாது. ஆகவே தோட்டம் இருக்கிறதே என்று காய்கறிக்கான பணத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. அப்படியானால் தோட்டம் எதற்கு?

தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது. முந்தைய ஆய்வில் இது 51ஐ ஒட்டி இருந்தது. இத்தனைக்கும் சோற்றுக்குப் பஞ்சமில்லாத மாநிலம். தட்டில் கீரை இல்லை, இருந்தாலும் ஓரத்தில் ஒதுங்குகிறது. தான் விதைத்து, தான் பறித்த முளைக்கீரையைப் பிள்ளை அவ்வளவு எளிதில் ஒதுக்காது. கீரையோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஒட்டாது என்பதைப் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட அந்தப் பாத்தி ஓரத்தில் கேட்டால் நன்றாகப் பதியும். பிள்ளை அதை வீட்டில் போய் அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லும்.

எதை நடுவது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். காலிஃபிளவர் படத்துக்கு அழகு. கோடையைத் தாண்டி நிற்பது முருங்கை. ஒரு போத்து ஒடித்து ஊன்றினால் போதும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 செடிமுருங்கை விதைத்தாலோ ஆறேழு மாதத்தில் காய்க்கும். கூடவே கறிவேப்பிலை, பப்பாளி, வேலியோரம் தவசிக்கீரை. சமையல் செய்யும் அம்மாவைக் கேட்டு நட்டால் இன்னும் நல்லது. எந்தக் கீரையை எத்தனை பிள்ளைக்கு ஆய முடியும் என்பது அவருக்குத்தான் தெரியும். நூறு பேருக்கு முருங்கைக்கீரை உருவுவது விளையாட்டில்லை.

மீதிக் காய்கறி வெளியிலிருந்துதான் வர வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்பதும் ஊர்ப் பேச்சாக வேண்டும். பிரேசில் 2009இல் ஒரு சட்டம் போட்டது: பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு குடும்ப விவசாயிகளிடம் வாங்க வேண்டும். நம்மிடம் 1999 முதல் உழவர் சந்தை இருக்கிறது, ஊருக்குள்ளேயே கத்தரி போடுகிறவர் இருக்கிறார். பள்ளிக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது ஒரு ரசீதும் நேரத்துக்குப் பணம் தருகிற ஏற்பாடும்தான். அந்த ஏற்பாடு இல்லாமல் விவசாயியை உள்ளூர்ப் பற்றின் பேரில் கடனுக்குக் காய் கொடுக்கச் சொல்வது நியாயமில்லை.

பள்ளி வாசலில் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகளைப் பற்றியும் ஒரு சொல். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020இலேயே விதி வந்துவிட்டது. கடைக்காரரும் நம் ஊர்க்காரர்தான்; விதியைக் காட்டி மிரட்டுவதைவிடக் கடலை மிட்டாய், கொய்யா, அவித்த சுண்டல் விற்றால் வாங்குவோம் என்று பெற்றோர் சொல்வது வேலை செய்யும். சொன்ன பிறகு வாங்கவும் வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தோட்ட வேலை தண்டனையாகக் கூடாது. படிப்பு வராத பையன் என்று முத்திரை குத்தி அவனையே தினம் வாளி தூக்க வைப்பது தோட்டக் கல்வி ஆகாது. எல்லா வகுப்பும், பெண்ணும் ஆணும், முறை வைத்துச் செய்ய வேண்டும்.

இன்னொன்று சாதி. சமைத்தவர் யார் என்று பார்த்துப் பிள்ளையைச் சாப்பிடாதே என்று தடுத்த பெற்றோரைப் பற்றிய செய்திகள் இந்த மாநிலத்திலும் வந்திருக்கின்றன. ஒத்த கருத்து வேண்டும் என்பதற்காக இதைப் பேசாமல் விட முடியாது. ஊர் கூடித் தோட்டம் போட்டுவிட்டு, அதில் விளைந்ததைச் சமைக்கும் கையை ஒதுக்கினால், அந்த ஊர் எதையும் பகிர்ந்துகொள்ளவில்லை. பள்ளி மேலாண்மைக் குழு கூடும் நாளில் சத்துணவு அமைப்பாளரையும் சமையலரையும் அழைத்து உட்கார வைத்து, தோட்டத்தில் அடுத்த பட்டத்துக்கு என்ன போடலாம் என்று முதலில் அவர்களிடம் கேட்கட்டும். அன்றைய மதியம் குழு உறுப்பினர்கள் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து அந்தச் சோற்றையே சாப்பிடட்டும்.