சேப்பாக்கம் சொன்ன பதில்!

இந்தியாவும் பாகிஸ்தானும் கிரிக்கெட் ஆடும் நாளில் நம் இளைஞர்கள் மீது ஒரு கேள்வி வீசப்படுகிறது. "நீ எந்தப் பக்கம்?"

பொட்டிப்புரத்து டீக்கடையானாலும் சரி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் கடைவீதியானாலும் சரி, கேலியாகவோ சீண்டலாகவோ இந்தக் கேள்வி வராமல் போவது அபூர்வம். பக்கத்தில் உட்கார்ந்து அதே டி.வி.யைப் பார்ப்பவரிடம் கேட்கப்படாத கேள்வி, பெயரைப் பார்த்து நம்மிடம் மட்டும் கேட்கப்படுகிறது. இந்தியா ஜெயித்தால் மற்றவரைவிடச் சத்தமாக நாம் கை தட்ட வேண்டும். தோற்றால் மற்றவரைவிடக் கூடுதலான சோகம் நம் முகத்தில் தெரிய வேண்டும். இப்படி ஒரு விசுவாசப் பரீட்சை! இந்தப் பரீட்சையை எழுதச் சொல்ல இவர்கள் யார்?

"விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்" என்று உபதேசம் செய்பவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சரித்திரம் அப்படி இல்லை. நாடுகள் மோதும் எந்தப் போட்டியும் அரசியலுக்கு வெளியே நடந்ததில்லை. ஒரு நாடு எந்தத் திசையில் திரும்புகிறது என்பதைப் பாராளுமன்றம் சொல்வதற்கு முன்பே சில சமயம் மைதானம் சொல்லிவிடும். எனவே அரசியல் கலந்ததா என்று கேட்பதில் பயனில்லை. கலந்தது எந்த அரசியல்? அநீதியை எதிர்க்கும் அரசியலா, அண்டை வீட்டுக்காரனை அவமதிக்கும் அரசியலா? நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

கோப்பையை வேண்டாம் என்று சொன்ன இந்தியா

1974ஆம் ஆண்டு. டென்னிஸில் நாடுகளுக்கிடையே நடக்கும் டேவிஸ் கோப்பைப் போட்டியில் இந்தியா இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. அணியின் பலம் நம் சென்னைச் சகோதரர்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும். ஆஸ்திரேலியாவையும் சோவியத் யூனியனையும் வீழ்த்தி வந்த அணி அது. எதிரே நின்றது தென்னாப்பிரிக்கா.

அன்றைய தென்னாப்பிரிக்கா எப்படிப்பட்ட நாடு? கருப்பர்களையும் இந்திய வம்சாவளியினரையும் மனிதர்களாக மதிக்காத நிறவெறி ஆட்சி நடந்த நாடு. அந்த ஆட்சியோடு வியாபாரமே வேண்டாம் என்று 1946லேயே தடை போட்டது இந்தியா. டென்னிஸ் மைதானத்திலும் அதே முடிவுதான். "ஆட மாட்டோம்" என்றது இந்திரா காந்தி அரசு. ஒரு பந்துகூட அடிக்கப்படாமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அதற்குப் பிறகு 1987இல் ஒரு முறை இறுதி ஆட்டம் வரை போனோம். கோப்பை மட்டும் இன்றுவரை நம் கைக்கு வரவில்லை.

நஷ்டம் நமக்குத்தான். ஆனால் அது வீண் நஷ்டமா? இப்படிப் பல நாடுகள் பல விளையாட்டுகளில் தென்னாப்பிரிக்காவை ஒதுக்கி வைத்தன. உலகமே தங்களைத் தீண்டவில்லை என்பது அந்நாட்டு வெள்ளையருக்கு உறைத்தது. 1990இல் நெல்சன் மண்டேலா விடுதலையானார். 1991 நவம்பரில் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணி சர்வதேச அரங்குக்குத் திரும்பி வந்தபோது, அது முதலில் ஆடிய ஊர் நம் கல்கத்தா.

கதை அதோடு முடியவில்லை. 2008 மார்ச் மாதம் சேப்பாக்கத்தில் டெஸ்ட் போட்டி. தென்னாப்பிரிக்காவின் தொப்பியை அணிந்து, நீண்ட தாடியோடு ஓர் இளைஞர் 159 ரன் குவித்தார். பெயர் ஹாஷிம் ஆம்லா. குஜராத்திலிருந்து போன முஸ்லிம் குடும்பத்தின் வாரிசு. நிறவெறி ஆட்சி நீடித்திருந்தால் அந்தத் தொப்பி அவர் தலையில் ஏறியிருக்காது. மதுபானக் கம்பெனியின் சின்னத்தைச் சட்டையில் அணிய மாட்டேன் என்றார். கிரிக்கெட் வாரியமும் ஏற்றுக்கொண்டது. 2014இல் அந்நாட்டு டெஸ்ட் அணிக்கே அவர் கேப்டன் ஆனார். 1974இல் இந்தியா விட்டுக்கொடுத்த கோப்பைக்கு இதைவிட நல்ல வட்டி வேறென்ன வேண்டும்?

மைதானம் எதிர்த்திசையிலும் சேதி சொல்லும். இஸ்ரேலோடு முழுமையான தூதரக உறவு இல்லாதிருந்த நாளில், 1987இல், இஸ்ரேல் டென்னிஸ் அணிக்கு விசா கொடுத்துப் புதுதில்லியில் ஆட விட்டது ராஜீவ் காந்தி அரசு. ஒரு டென்னிஸ் ஆட்டம்தானே என்றார்கள். 1992 ஜனவரியில் இஸ்ரேலோடு முழுத் தூதரக உறவு வந்தது. பாலஸ்தீன மக்களோடு நின்ற நாடு வேறு பக்கம் திரும்பத் தொடங்கியதை டென்னிஸ் மைதானம் ஐந்து வருடம் முன்பே காட்டிவிட்டது. விளையாட்டுச் செய்தி என்று அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போனவர்களுக்கு அது தெரியாமல் போயிற்று.

1999 ஜனவரி 31

இனி நம் பரீட்சைக்கு வருவோம்.

1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டு வெடித்தது. அதே மாதம் பாகிஸ்தானும் வெடித்தது. அந்தச் சூட்டில், 1999 ஜனவரியில் பாகிஸ்தான் அணி டெஸ்ட் ஆட வந்தது. இந்திய மண்ணில் இரு நாடுகளும் டெஸ்ட் ஆடிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. "ஆட விடமாட்டோம்" என்றது சிவசேனை. தில்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்துக்குள் புகுந்து ஆடுகளத்தைக் கொத்திப் போட்டார்கள். மும்பையில் கிரிக்கெட் வாரிய அலுவலகத்தைச் சூறையாடினார்கள். கபில்தேவ் அணி 1983இல் வென்று வந்த உலகக் கோப்பையும் அதில் சேதமானது. தேசபக்தியின் பெயரால் தேசத்தின் கோப்பையையே உடைத்தவர்கள், நம்மிடம் விசுவாசச் சான்றிதழ் கேட்கிறார்கள்!

தில்லியில் நடக்க வேண்டிய முதல் டெஸ்ட் சென்னைக்கு மாறியது. பலத்த போலீஸ் காவலோடு சேப்பாக்கத்தில் ஜனவரி 28 அன்று ஆட்டம் தொடங்கியது. இந்திய அணிக்குக் கேப்டன் முகமது அசாருதீன். பாகிஸ்தானுக்கு வாசிம் அக்ரம். கடைசி இன்னிங்ஸில் இந்தியாவுக்குத் தேவை 271 ரன். முதுகு வலியோடு டெண்டுல்கர் அடித்த 136 ரன் வெற்றியின் வாசல்வரை கொண்டு போனது. அவர் ஆட்டமிழந்தபோது வேண்டியிருந்தது வெறும் 17 ரன். மீதி விக்கெட்டுகள் சரசரவென்று விழுந்தன. 12 ரன்னில் பாகிஸ்தான் வென்றது. சக்லைன் முஷ்டாக் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்து ஐந்து விக்கெட் எடுத்திருந்தார்.

சேப்பாக்கம் சில நொடி மௌனமானது. பிறகு என்ன நடந்தது? கேலரி கேலரியாக மக்கள் எழுந்து நின்றார்கள். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலைப் பார்த்துவிட்டுப் பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து நன்றி சொன்னார்கள். அணுகுண்டு வெடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தோற்றது சொந்த நாடு. தோற்ற விதமோ நெஞ்சை அறுக்கும் விதம். அப்படியும் எழுந்து நின்றார்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறோம். அங்கே எழுந்து நின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். மயிலாப்பூரிலிருந்தும் திருவல்லிக்கேணியிலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் டிக்கெட் வாங்கி வந்த சாதாரணத் தமிழ் மக்கள். அவர்களை யாராவது தேசத்துரோகி என்றார்களா? "தமிழனின் பண்பாடு" என்று பத்திரிகைகள் பாராட்டின. பாராட்ட வேண்டியதுதான்! ஆனால் அதே கைதட்டலை நம் வீட்டுப் பையன் தட்டினால் மட்டும் அது எப்படித் துரோகமாகும்? இதே சேப்பாக்கத்தில் 1997 மே மாதம் சயீத் அன்வர் 194 ரன் அடித்து உலக சாதனை படைத்தபோதும் அரங்கம் எழுந்து நின்றது. நல்ல ஆட்டத்துக்குக் கை தட்டுவது ரசிகனின் உரிமை. அதற்கு மதம் பார்த்து இரண்டு சட்டம் கிடையாது.

சென்னைக்கு அடுத்த மாதமே, பிப்ரவரியில், கல்கத்தாவில் டெண்டுல்கர் ரன் அவுட் ஆனதற்காகப் பெருங்கலவரம் மூண்டது. ரசிகர்களை வெளியேற்றிவிட்டு வெற்று மைதானத்தில் ஆட்டத்தை முடித்தார்கள். ஆக, வெறுப்பு தானாக முளைப்பதில்லை, பண்பும் தானாக வருவதில்லை. இரண்டையும் ஒரு சமுதாயம்தான் வளர்க்கிறது.

அகமதாபாத்தும் துபாயும்

காலம் மாறியது. 2021 அக்டோபரில் துபாயில் உலகக் கோப்பை ஆட்டத்தில் இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. பதினொரு பேரும் தோற்றார்கள். ஆனால் வசவு முழுவதும் முகமது ஷமி ஒருவர் மீது பாய்ந்தது. காரணம் ஆட்டமா, பெயரா? கேப்டன் விராட் கோலி வெளிப்படையாக ஷமியின் பக்கம் நின்றார், மதத்தைச் சொல்லி ஒருவரைத் தாக்குவது இழிவு என்று கண்டித்தார். அதே ஷமி 2023 உலகக் கோப்பையில் ஏழே ஆட்டங்களில் 24 விக்கெட் எடுத்து, எல்லா நாட்டுப் பந்துவீச்சாளர்களுக்கும் மேலே நின்றார். வசைபாடியவர்கள் மன்னிப்புக் கேட்டார்களா?

அந்த 2023 அக்டோபர் 14 அன்று அகமதாபாத் நரேந்திர மோடி அரங்கில், ஆட்டமிழந்து திரும்பிய பாகிஸ்தான் வீரர் ரிஸ்வானை நோக்கி மத முழக்கம் எழுப்பப்பட்டது. 1999 சென்னையையும் 2023 அகமதாபாத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நாடு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பது தெரியும்.

2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். எந்த நியாயமும் சொல்ல முடியாத கொடூரம் அது. சுற்றுலாப் பயணிகளைக் காக்கப் போய் உயிரைக் கொடுத்த உள்ளூர்க் குதிரைக்காரரும் ஒரு முஸ்லிம்தான். அதன் பிறகு செப்டம்பரில் துபாயில் ஆசியக் கோப்பை. பாகிஸ்தானோடு ஆடினார்கள், ஆனால் கை குலுக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் வென்றார்கள். பாகிஸ்தான் அமைச்சர் கையால் கோப்பையை வாங்க மறுத்தார்கள்.

இங்கேதான் வியாபாரிகள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1974இல் இந்தியா ஆட்டத்தையே விட்டது, கோப்பையையும் இழந்தது. விலை கொடுத்து வாங்கிய கொள்கை அது. 2025இல் ஆட்டம் நடந்தது, டிக்கெட் விற்றது, டி.வி. விளம்பரப் பணம் வந்தது. விட்டது ஒரு கைகுலுக்கலை மட்டும். எதையும் இழக்காமல் காட்டும் எதிர்ப்புக்குக் கொள்கை என்று பெயரா?

நம் மாநிலமும் விதிவிலக்கல்ல

தமிழ்நாடு எப்போதும் தவறே செய்ததில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 2009இல் ஈழத்தில் நடந்த கொடுமை எந்தத் தமிழனையும் தூங்க விடாது. இலங்கை அரசை எதிர்த்து, 2013 ஆசியத் தடகளப் போட்டியையே வேண்டாம் என்றது ஜெயலலிதா அரசு. போட்டி புனேக்குப் போனது. ஓர் அரசை எதிர்த்து எடுத்த முடிவு என்று அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் 2012 செப்டம்பரில் சென்னைக்கு நட்பு ஆட்டம் ஆட வந்த இலங்கைப் பள்ளி மாணவர்களைத் திருப்பி அனுப்பினார்களே, அந்தப் பிள்ளைகள் என்ன குற்றம் செய்தார்கள்? அரசை எதிர்ப்பது வேறு, அந்த மண்ணில் பிறந்த பிள்ளையை அவமதிப்பது வேறு. நமக்கு வேண்டியவர் செய்தாலும் வேண்டாதவர் செய்தாலும் அளவுகோல் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

2022இல் மாமல்லபுரத்துக்குச் செஸ் ஒலிம்பியாட் வந்ததே உக்ரைன் போரால் ரஷ்யாவிடமிருந்து பறிக்கப்பட்டதால்தான். ஆட வந்து இறங்கிய பாகிஸ்தான் அணியோ, ஜோதி ஓட்டம் காஷ்மீர் வழியாகப் போனதைக் காரணம் காட்டித் திரும்பிப் போனது. 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் நம் பக்கத்து மதுரையிலும் நடந்தது. பாகிஸ்தான் வரவில்லை, அந்த இடத்தில் ஓமன் வந்தது. எங்கோ நடக்கும் அரசியல், தேனியிலிருந்து பஸ் ஏறிப் பார்க்கும் தூரத்துக்கு வந்துவிட்டது.

என்ன செய்ய வேண்டும்?

இளைஞர்களே! "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்பவனிடம் சத்தியம் செய்துகொண்டிருக்காதீர்கள். கோபப்பட்டு எதிர்ப்பக்கம் கூச்சல் போடுவதும் அவன் விரித்த வலையில் விழுவதுதான். இது நம் நாடு. இதை யாரிடமும் நிரூபிக்க வேண்டிய கட்டாயம் நமக்கில்லை. இந்தியா ஆடும்போது மகிழுங்கள், வருந்துங்கள். யார் நன்றாக ஆடினாலும் கை தட்டுங்கள். கேட்டால், 1999இல் சேப்பாக்கம் என்ன செய்தது என்று எடுத்துச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் விஷத்தை அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். பார்ப்பதோடு நில்லாமல் மைதானத்தில் இறங்கி ஆடுங்கள். ஒரே அணியில் ஆடி ஒருவருக்கொருவர் பந்து கொடுத்துப் பழகிய பையன்களிடையே இந்தக் கேள்வி அவ்வளவு எளிதில் எழாது.

வியாபாரிகளே! போடி ஏலத்தில் காயின் தரத்துக்குத்தான் விலை. தோட்டக்காரரின் மதத்துக்கு அங்கே விலை போடுவதில்லை. அந்த நியாயத்தைக் கடைவாசலுக்கும் கொண்டு வாருங்கள். ஆட்டம் நடக்கும் நாளில் கடை டி.வி. முன் எல்லாரும் சேர்ந்து உட்காரட்டும். சீண்டல் எழுந்தால் இரு தரப்புப் பெரியவர்களும் அங்கேயே அடக்கட்டும். ஒரு வதந்தி கிளம்பினால் முதலில் இறங்குவது கடை ஷட்டர்தான் என்பது நமக்குத் தெரியாததா? ஊர்ப் பையன்களின் அணிக்கு மட்டையோ பந்தோ வாங்கிக் கொடுங்கள். அதில் எல்லாச் சமூகப் பிள்ளைகளும் ஆடட்டும்.

சேப்பாக்கத்தில் எழுந்து நின்றவர்களுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. தோல்வியிலும் திறமையை மதிக்க அவர்கள் பழகியிருந்தார்கள். அந்தப் பழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் செத்துவிடவில்லை. அது சாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் நமக்கும் பாதிப் பங்கு உண்டு.