பூச்சி வேறு, பூஞ்சை வேறு

பி.டி. பருத்தி போட்டால் எந்த நோயும் அண்டாது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விதர்பாவில் பயிர்க்கடன் பைல்களோடு மாரடிப்பவன் என்பதால் இதை அடிக்கடி கேட்கிறேன். ஊரிலிருந்து போனில் பேசும் சித்தப்பாவும் இதையேதான் சொல்கிறார்.

2002-ல் அனுமதி பெற்ற அந்த விதையின் விசேஷம், காய்ப்புழுவின் குடலைத் தாக்கும் ஒரு புரதம். (இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்கும் பழகிவிட்டது, அது தனிக் கதை.) வேர் வழியாக ஏறும் பூஞ்சையை அது ஒன்றும் செய்யாது.

வாடல் நோய்க்குக் காரணம் ஃபியூசேரியம், வெர்டிசிலியம் என்ற இரண்டு பூஞ்சைகள். இரண்டுமே வேரில் நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களில் குடியேறி அடைத்துக்கொள்ளும். நிலத்தில் ஈரம் இருக்கும், செடி வாடும். பூஞ்சை மண்ணில் வருஷக் கணக்கில் கிடக்கும் என்பதால் மருந்து ஊற்றி ஒழிப்பது நடக்காத காரியம். செடியே சண்டை போட்டால்தான் உண்டு.

அந்தச் சண்டையைப் பற்றிப் படித்தபோது பி.காம். படித்த எனக்கே சுவாரசியம் தாங்கவில்லை. பூஞ்சையின் செல் சுவரில் கைட்டின் இருக்கிறது. இறால் ஓட்டில் இருக்கும் அதே சமாசாரம். அதை வெட்டும் கைட்டினேஸ் என்ற புரதத்தைச் செடி தன் செல்லுக்கு வெளியே அனுப்புகிறது. பூஞ்சை மட்டும் லேசுப்பட்டதா? அந்தக் கத்தரிக்கோலையே நறுக்கும் ஒரு என்சைமை வெர்டிசிலியம் விடுகிறது. இதற்குப் பருத்தி என்ன செய்கிறது என்று 2019-ல் சீன ஆய்வாளர்கள் எழுதினார்கள். சிஆர்ஆர்1 என்ற இன்னொரு புரதம் போய்க் கைட்டினேஸோடு ஒட்டிக்கொண்டு, அது வெட்டுப்படாமல் காக்கிறதாம். சிஆர்ஆர்1-ஐக் குறைத்தால் செடிக்கு நோய் அதிகமாகிறது. லாக்கருக்குப் பூட்டு, பூட்டை அறுக்க வருகிறவனைத் தடுக்க வாட்ச்மேன் :-)

ஆனால் ஒரு திருடனுக்குப் போட்ட பூட்டு இன்னொருவனிடம் செல்லாது. 1974-ல் கோவையில் உருவான சுவின் ரகம் பார்படென்ஸ் என்ற இனம். வெர்டிசிலியத்தை நன்றாகத் தாங்கும் இனம் இது. இதே இனத்தைச் சேர்ந்த பீமா பருத்தியைத்தான் கலிபோர்னியாவில் 2000-களின் தொடக்கத்தில் ஃபியூசேரியத்தின் ரேஸ் 4 சாய்த்தது. அந்த ரேஸ் 4 முதலில் அறியப்பட்டதோ இந்தியாவில், நம் நாட்டுப் பருத்தியில்! 'நாட்டு ரகம் எதையும் தாங்கும்' என்று மேடையில் முழங்கும் நண்பர்கள் இதைக் கவனிக்கலாம். இங்கே ஃபியூசேரியம் வாடலால் அதிகம் அடிபட்டது நாட்டுப் பருத்திதான், அமெரிக்கப் பருத்தி பெரும்பாலும் தப்பித்தது.

ஆகவே பி.டி. என்பதைக் கொட்டை எழுத்தில் போடுகிற கம்பெனிகள், எந்த வாடலை இந்த ரகம் தாங்கும், எதைத் தாங்காது என்பதையும் அதே சைஸில் போட வேண்டும் என்பது என் கட்சி. சோதிக்க வழி இல்லாமல் இல்லை. வேண்டுமென்றே பூஞ்சை ஏற்றிய நிலத்தில் விதைத்து, எது பிழைக்கிறது என்று பார்ப்பது பழைய முறை. நாக்பூரில் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அதன் கிளை கோவையில் இருக்கிறது. விளம்பரத்துக்குக் கொட்டும் காசில் கொஞ்சம் இதற்கும் வரட்டும்.

பூஞ்சையே இல்லாத வாடலும் ஒன்று உண்டு. பாராவில்ட் என்பார்கள். நீண்ட வறட்சிக்குப் பின் பெருமழை கொட்டினால், காய் நிறைந்த பி.டி. செடிகள் ஓரிரு நாளில் தொங்கிவிடும். விவசாயி பதறிப்போய்க் கடனுக்குப் பூஞ்சை மருந்து வாங்கி ஊற்றுவார். அந்த ரூபாய் நேராக மண்ணுக்குப் போகிறது. ஊரில் யாராவது போன் செய்து செடி வாடுகிறது என்றால், கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு தண்டைப் பிளந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் பூஞ்சை. கோடே இல்லாமல் வெளுப்பாக இருந்தால் பாராவில்டாக இருக்கலாம், முதலில் தேங்கிய தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள்.