மூட்டமும் இரைச்சலும்

திகில் வீடியோ கேமின் இசைக்கு நீளம் கிடையாது. சினிமாவில் ஒரு காட்சி இரண்டு நிமிடம் ஓடினால் இசையும் இரண்டு நிமிடத்தில் முடியும். கேமை விளையாடுபவர் ஒரு கதவின் முன்னால் எவ்வளவு நேரம் தயங்கி நிற்பார் என்பது இசையமைப்பாளருக்குத் தெரியாது. எனவே அந்த இசை எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று பிடிபடாமல் சுழன்றுவரும் லூப்பாக அமைகிறது. அந்த லூப்பை எடுத்து நீட்டி, கரைத்து, வேறு ஒலிகளோடு சேர்த்து, ஆம்பியன்ட் என்னும் சூழல்சார் மின்னணு இசையாக மாற்றுவது இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஈடுபட்டிருக்கும் கலை. இலங்கை மலையகத்தின் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு பழைய மடிக்கணினியும் ஹெட்போனும் வைத்திருப்பவருக்கும் அது எட்டாத தூரத்தில் இல்லை.

தொடக்கத்தில் கருவிகளே குறுகியவை. 1989இல் ஃபமிகாம் என்னும் கேம் பெட்டிக்கு வந்த 'ஸ்வீட் ஹோம்' கேமின் இசைக்குக் கிடைத்தவை ஐந்தே ஒலித்தடங்கள். 1996இல் வந்த முதல் போக்கிமான் கேமில் கல்லறைக் கோபுரம் உள்ள லாவெண்டர் ஊருக்கு ஜுனிச்சி மசூதா அமைத்த மெட்டுக்கு நான்கு. அந்த மெட்டைக் கேட்ட பிள்ளைகள் நோயுற்றார்கள் என்ற கதை இன்னும் சுற்றுகிறது. அது கட்டுக்கதைதான். ஆனாலும் நான்கு தடத்தில் பிறந்த ஒரு சின்ன மெட்டு அப்படி ஒரு கதையை எழுப்பும் அளவுக்கு மனங்களைத் தொட்டிருக்கிறது. பிளேஸ்டேஷன் பெட்டியிலோ தடங்கள் 24. ஒலிக்கென ஒதுக்கிய நினைவகம் வெறும் 512 கிலோபைட். இன்றைய கைபேசிப் படம் ஒன்றுக்குக்கூட அது போதாது.

அந்தப் பெட்டியில்தான் 1999இல் கொனாமி நிறுவனத்தின் 'சைலன்ட் ஹில்' வெளிவந்தது. அதன் இசைக்கும் ஒலிக்கும் பொறுப்பேற்றவர் அகிரா யமவோகா. கேமின் முகப்பில் மாண்டலின் கேட்கிறது. உள்ளே போனால் இரும்பு உரசல், இயந்திர உறுமல், காற்றழுத்தக் குழாய்போல் ஒரு சீறல். எது இசை, எது அந்த ஊரின் சத்தம் என்று பிரிக்க முடியாது. ஊர் முழுவதும் பனிமூட்டம். தூரத்துக் காட்சியை வரைய அந்தப் பெட்டிக்குத் திறன் போதாததால் அதை மறைக்க வந்த மூட்டம் அது. குறையே கேமின் உயிராகிவிட்டது. கண் உதவாத இடத்தில் காது வேலை செய்யத் தொடங்குகிறது. நாயகனிடம் இருக்கும் சிறிய வானொலி, ஆபத்து நெருங்கும்போது இரையும். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் மூட்டம் இறங்கியபின் நடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எதிரே வரும் லொறி முதலில் சத்தமாகத்தான் வருகிறது.

ஒரே கேமுக்கு இரண்டுவித இசை அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 'டூம்' நல்ல சான்று. 1993இல் கணினிக்கு வந்த டூமுக்கு பாபி பிரின்ஸ் தந்தது வேகமான மெட்டல் சாயல் இசை. விளையாடுபவர் வேட்டையாடும் தெம்போடு ஓடினார். 1995இல் அதே கேம் பிளேஸ்டேஷனுக்கு வந்தபோது ஆப்ரி ஹாட்ஜஸ் அந்த இசையைக் கைவிட்டு, தாளமற்ற இருண்ட முனகல்களை வைத்தார். அறைகளும் அரக்கர்களும் பெரும்பாலும் பழையவையே. ஆனால் வேட்டையாடியவர் இப்போது வேட்டையாடப்படுபவராக உணர்ந்தார். இது ரீமிக்ஸ் அல்ல, புதிய இசை. ஆனால் ரீமிக்ஸ் செய்யப் போகிறவர் முதலில் படிக்கவேண்டிய பாடம் இதுதான்.

ஏனெனில் பெரும்பாலான ரீமிக்ஸ்கள் சறுக்கும் இடம் தாளம். நல்ல மெட்டு ஒன்றை எடுத்து, பத்தாவது நொடியிலேயே கீழே ஒரு சீரான டிரம் அடியைப் போட்டுவிடுகிறார்கள். அடுத்த அடி எப்போது விழும் என்று தெரிந்தவுடன் பயம் போய்விடுகிறது. கேமில் பயத்தின் பாதி விளையாடுபவரின் கையில் இருந்தது. கதவைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்தவர் அவர். ரீமிக்ஸில் அந்தக் கை இல்லை. இழந்ததற்கு ஈடாக, காத்திருப்பை இசையே உண்டாக்க வேண்டும். கரடுமுரடான, சுருதி பிறழ்ந்த ஒலி உடலை உலுக்குவதற்குக் காரணமும் உண்டு. மார்மட் என்னும் மலை அணில்களின் அபாயக் குரலை ஆராய்ந்த டேனியல் புளூம்ஸ்டைன், 2010இல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 100க்கும் மேற்பட்ட படங்களின் ஒலித்தடங்களைப் பகுத்தபோது, திகில் படங்களில் இத்தகைய பிசிறடித்த அலறல் ஒலிகள் மிகுதியாக இருப்பதைக் கண்டார். குரல்வளை தாங்காத அளவுக்கு அலறும் விலங்கின் ஒலி அது.

செய்முறைக்கு மூன்று பழைய வழிகள் உள்ளன. 1948இல் பாரிஸில் பியர் ஷேஃபர் ரயில் ஓசைகளைப் பதிவுசெய்து, வெட்டி, திருப்பிப் போட்டு ஓர் இசைத்துண்டு ஆக்கினார். 1970களில் ஜமைக்காவின் கிங் டபி, பாடலிலிருந்து குரலை உருவிவிட்டு எதிரொலியை முன்னுக்குக் கொண்டுவந்தார். ரீமிக்ஸ் என்ற கலைக்கு அதுவே ஒரு தாய்வீடு. 1978இல் பிரையன் ஈனோ, வெவ்வேறு நீளமுள்ள நாடா லூப்புகளை ஒன்றோடொன்று ஓடவிட்டு, ஒரே சேர்க்கை எளிதில் திரும்பி வராதபடி செய்தார். இன்று இவை மூன்றையும் ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் செய்யலாம். அதிலுள்ள பால்ஸ்ட்ரெச் என்ற வசதி, 40 நொடி மெட்டைச் சுருதி மாறாமல் எட்டு மடங்கு நீட்டி ஐந்து நிமிடத்துக்கும் மேற்பட்ட மேகமாக்கிவிடும். மெட்டு காணாமல் போகும். அதன் நிறம் மட்டும் நிற்கும்.

மெட்டு ஜப்பானிலிருந்து வந்தாலும் அதைச் சூழும் ஒலியும் அங்கிருந்தே வரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மலையகத்தில் 'ஸ்டோர்' எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைகளில் இரவு முழுக்க ஓடும் கொழுந்து வாட்டும் விசிறிகளின் ஒரே சுருதியிலான இரைச்சல், ரோலரின் அரைப்பு, லயத்துத் தகரத்தில் மழை, மலைச்சரிவில் ஏறும் ரயிலின் சக்கரக் கீச்சு எல்லாம் யமவோகா தேடித் தேடிச் செய்த ஒலிகளின் நெருங்கிய உறவுகள். ஸ்டோரின் இயந்திரச் சக்கரத்தைக் காக்கும் ரோதை முனிக்குப் படையல் வைத்த மக்கள் இந்தத் தோட்டத் தொழிலாளர்கள். கையை விழுங்கக்கூடிய இயந்திரத்துக்கு ஒரு தெய்வத்தைக் கண்ட அனுபவம், இரும்புச் சத்தத்தில் பேயைக் காட்டும் கேமுக்கு வெகு தூரத்தில் இல்லை. இலங்கைக் காடுகளில் சாவை அறிவிக்கும் என்று அஞ்சப்படும் உலமாப் பறவையின் அலறலையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

எல்லாவற்றிலும் வலியது தப்பு. தோலை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றி, இரண்டு குச்சிகளால் அடிக்கும் அந்தக் கருவி ஒரு காலத்தில் விடியற்காலையில் ஆட்களைப் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, அழைத்தது. மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையின் 1954ஆம் ஆண்டு நெடுங்கவிதையில் அந்த அடி கேட்கிறது. சாவு வீட்டிலும் அதுவே. மாசியில் காமன் கூத்தில், பாத்திரத்துக்குப் பாத்திரம் அடி மாறும். மதன் எரிந்து ரதி புலம்பும் இரவில், வீரபத்திரனும் எமனும் களத்துக்குள் பாயும்போது அடி திடீரெனத் திரும்ப, பார்த்திருந்தவர்களில் சிலருக்கு அருள் வந்துவிடும். சீரான தாளம் பயத்தைக் கொல்லும் என்று மேலே சொன்னதற்கு மறுபக்கம் இது: பழகிய அடி முன்னறிவிப்பின்றி உடையும் கணம். ரீமிக்ஸ் செய்பவர் தப்பை நாலு அடி லூப்பாக நறுக்கிவிட்டால் இந்த உடைப்பு தொலைந்துபோகும். அடி மாறும் இடத்தையும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள மூச்சையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

பதிவுசெய்யும்போது கைபேசியின் இரைச்சல் நீக்கும் வசதியை அணைப்பது அவசியம். விசிறியின் முனகலைத்தான் அது முதலில் அழிக்கும். தப்புக்குப் பக்கத்தில் நின்றால் ஒலி வெடித்துச் சிதையும், பத்துப் பதினைந்து அடி தள்ளி நிற்பது நல்லது. ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடி வெறுமையாக இருக்கும்போது அங்கே ஒரு பலூனை உடைத்து அந்த எதிரொலியைப் பிடித்துவைத்தால், பின்னால் எந்த மெட்டையும் அந்த மாடிக்குள் ஒலிக்கவைக்க முடியும்.

உரிமை விஷயம் கடைசியில் வருவதால் சிறியதல்ல. கேமின் மெட்டு அதன் நிறுவனத்துக்குச் சொந்தம். 1999இல் தொடங்கிய ஓவர்குளொக்ட் ரீமிக்ஸ் போன்ற ரசிகர் அமைப்புகள் காசு வாங்காமல் இசையைப் பகிர்ந்தே நிலைத்திருக்கின்றன. விற்பதானால் அனுமதி வேண்டும். தப்பிசைக்கும் கூத்துக்கும் தனி உரிமையாளர் இல்லை என்பதால் அவை யாரும் அள்ளிக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. சட்டத்துக்கு அப்பால் இன்னொன்றும் இருக்கிறது. தப்படிப்பது சாதியின் பெயரால் சிலர்மேல் சுமத்தப்பட்ட வேலையாகவும், கூலி குறைந்த, மரியாதை மறுக்கப்பட்ட வேலையாகவும் நெடுங்காலம் இருந்தது. அவர்களின் அடியைப் பெயரில்லாத 'சாம்பிள்' ஆக்கிப் பயன்படுத்துவது அதே அவமதிப்பின் தொடர்ச்சி. பதிவுக்கு முன் கேட்பது, பதிவுக்குக் கூலி கொடுப்பது, வெளியிடும்போது அடித்தவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் யமவோகாவின் பெயருக்குப் பக்கத்திலேயே அதே எழுத்தளவில் போடுவது ஆகிய மூன்றும் ரீமிக்ஸ் செய்பவரின் வேலையில் சேர்ந்தவை.