நகப்பூச்சை அழித்துவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள்

வானத்தில் கொக்குக் கூட்டம் போனால் இரண்டு கைகளையும் நீட்டி, நகத்தில் பூ போடச் சொல்லிக் கேட்காத குழந்தை நம் ஊரில் உண்டா? மறுநாள் நகத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்துவிட்டால் போதும், வகுப்பு முழுக்கக் காட்டிவிட்டு வருவோம். அதே புள்ளியை இன்று நம் பிள்ளையின் நகத்தில் பார்த்தால், 'கால்சியம் குறைச்சல்' என்று மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். கொக்கு போட்ட பூ என்பதில் எவ்வளவு உண்மையோ, இந்தக் கால்சியம் கதையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

நகத்தின் வேர், தோலுக்குள் மறைந்திருக்கிறது. அந்த இடத்தில் எப்போதோ பட்ட சின்ன அடியின் தடம்தான் பெரும்பாலான வெள்ளைப் புள்ளிகள். கதவிடுக்கில் விரல் நசுங்கியது, நகம் கடித்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். நமக்கு நினைவில்கூட இருக்காது. நகம் வளர வளர புள்ளியும் மேலே நகர்ந்து, ஒருநாள் நகவெட்டியோடு போய்விடும். மாத்திரை வேண்டாம்.

கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. வேரிலிருந்து நுனிவரை முழுதாக வளர ஆறு மாதம் ஆகும். கால் நகத்துக்கு ஒரு வருடத்துக்கும் மேல். அதனால், நகம் ஒரு டைரி மாதிரி. கடுமையான காய்ச்சல் வந்து படுத்து எழுந்தவர்களின் எல்லா விரல்களிலும், சில வாரங்கள் கழித்துக் குறுக்கே ஒரு பள்ளம் தெரியும். உடம்பு நோயோடு போராடிய நாட்களில் நகம் வளர்வதை நிறுத்தியிருக்கிறது என்று அர்த்தம். 1846-ல் போ என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை விவரித்ததால், அவர் பெயரிலேயே 'போ கோடுகள்' என்கிறார்கள். பள்ளம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று அளந்தால், காய்ச்சல் வந்த மாதத்தையே சொல்லிவிடலாம். இதற்கும் சிகிச்சை தேவையில்லை. மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய வரிகளோ, வயதாவதன் அடையாளம், நரைமுடி மாதிரிதான்.

பயப்பட வேண்டாதவற்றுக்கெல்லாம் பயப்படும் நாம், கோட்டை விடுவது வேறொன்றை. நகம் வெளுத்து, மெலிந்து, சட்சட்டென்று உடைகிறதா? நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வழியாமல் நிற்கும் அளவுக்குக் கரண்டி போல ஆகியிருக்கிறதா? பெரியவர்களுக்கு இப்படி இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரும்புச்சத்துக் குறைவு. (கைக்குழந்தைகளுக்குக் கால் கட்டைவிரல் நகம் இப்படிக் குழிந்திருப்பது சகஜம், வளர்ந்தால் சரியாகிவிடும்.)

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அதாவது, நான்கு பெண்கள் இருக்கும் வீட்டில் இரண்டு பேர். மாடி ஏறினால் மூச்சு வாங்குவதை, 'வயசாகுது' என்று தள்ளிவிடுகிறோம். ஒளித்துவைத்துப் பச்சரிசி தின்பது, திருநீற்றையோ சிலேட்டுக் குச்சியையோ வாயில் போட்டுக்கொள்வது... இவற்றையெல்லாம் 'கெட்ட பழக்கம்' என்று திட்டத்தான் தெரியும். இரும்புச்சத்துக் குறைந்தாலும் இப்படி ஒரு ஆசை வரும் என்பது பல மாமியார்களுக்கு மட்டுமல்ல, அதைத் தின்கிற பெண்ணுக்கே தெரியாது.

நகம் குழிவது ஆரம்பத்தில் வரும் அறிகுறி அல்ல. குறைபாடு நாள்பட்ட பிறகுதான் வரும். நகம் நன்றாக இருக்கிறது என்பதற்காக ரத்தசோகை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சந்தேகம் இருந்தால் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துவிடுங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. சத்து ஏன் குறைந்தது என்பதையும் கேளுங்கள். மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கா, மூலமா, வயிற்றில் கொக்கிப்புழுவா? அதைக் கவனிக்காமல் பேரீச்சம்பழம் மட்டும் சாப்பிடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம்; இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடுக்கும். ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் ஏராளம். நிறுத்தாதீர்கள். நகம் பழைய வடிவத்துக்கு வர எப்படியும் ஆறு மாதம் பிடிக்கும்.

அடுத்தது, இல்லத்தரசிகளின் சொத்தாகிவிட்ட நகச்சுத்தி. பாத்திரம், துணி, மீண்டும் பாத்திரம் என்று நாள் முழுக்கக் கை ஈரத்திலேயே இருந்தால், நகத்தைச் சுற்றியுள்ள தோல் ஊறி விட்டுப்போகும். அந்த இடுக்கில் பாக்டீரியாவோ பூஞ்சையோ புகுந்துகொள்ளும். எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலைச் செருகிக்கொள்ளும் பாட்டி வைத்தியம் இதமாக இருக்கலாம். ஆனால், விண்விண் என்று தெறித்து, சீழ் கோத்துவிட்டால் எலுமிச்சையால் ஒன்றும் ஆகாது. டாக்டர்தான் சீழை எடுக்க வேண்டும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வராமல் தடுக்க, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். முடிந்ததும் விரலிடுக்கு வரை துடைத்து, நகத்தைச் சுற்றிக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பார்லரில் நகத்தின் அடியில் இருக்கும் மெல்லிய தோலை வெட்டினால், 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். அழுக்கு என்று நினைத்து அவர்கள் வெட்டுவது, கிருமி உள்ளே போகாமல் காக்கிற வாசல் கதவு.

தாமதிக்கவே கூடாத இரண்டு உண்டு. ஒன்று, விரல் நுனி பருத்து, நகம் கிளி மூக்கு போல வளைவது. இரண்டு கை ஆள்காட்டி விரல்களின் நகங்களையும் முதுகோடு முதுகாக ஒட்டிவைத்துப் பாருங்கள். நடுவே வைர வடிவில் சின்ன இடைவெளி தெரிய வேண்டும். அது மறைந்திருந்தால் நுரையீரல், இதயம், கல்லீரலைப் பரிசோதிக்க வேண்டியிருக்கலாம். இன்னொன்று, ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடு. நம்மைப் போன்ற மாநிறக்காரர்களுக்குப் பல விரல்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இருப்பது இயல்புதான். ஒன்று மட்டும் மாறிக்கொண்டே போனால், அதுவும் சுற்றியுள்ள தோல் வரை கறுப்பு பரவினால், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அபூர்வமாக அது புற்றுநோயாக இருக்கும்.

நகம் பளபளக்க பயோட்டின் மிட்டாய், மாத்திரை என்று இப்போது நிறைய விற்கிறார்கள். சாதாரணமாகச் சாப்பிடும் யாருக்கும் பயோட்டின் குறைவதில்லை. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு, மாரடைப்புக்கான சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே மாற்றிக் காட்டிவிடும். 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இது பற்றி எச்சரித்தது. எனவே, ரத்தம் கொடுக்கும் முன் பயோட்டின் எடுப்பதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

நகப்பூச்சு தப்பில்லை. ஒரு வண்ணம் உரிந்ததும் அடுத்ததைப் பூசாமல், நடுவில் சில நாள் வெறுமனே விடுங்கள். ஆபரேஷனுக்கு முன் அழிக்கச் சொன்னால், 'கல்யாணத்துக்குப் போட்டது' என்று சண்டை பிடிக்காதீர்கள். ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவி விரலில்தான் மாட்டப்படும். அடர்த்தியான வண்ணம் இருந்தால் தப்பான அளவு காட்டலாம். சாதாரணமாக டாக்டரைப் பார்க்கப் போகும்போதும், முந்தின இரவே அழித்துவிட்டுப் போங்கள்.